வயிற்றில் கைவைத்துப் பார்த்த சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

அன்று பிரசவ அறையில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

குழந்தை அழுத சத்தம் கேட்டது. நஞ்சுக்கொடி வர வேண்டிய நேரத்தில் அடிவயிற்றைப் பிடுங்கியது போல ஒரு வலி, காது அடைத்துவிட்டது. அப்போது போயிருந்த ரத்தம் அப்படியொன்றும் அதிகமில்லையாம். ஆனாலும் பிரஷர் சரிந்தது, நாடியும் இறங்கியது. பிரசவக் களைப்பு என்று விட்டிருக்கலாம். சிஸ்டர், நீங்கள் விடவில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் கெட்டியாக உருண்டு நிற்க வேண்டிய கர்ப்பப்பையைத் தேடினீர்கள். "கைக்குத் தட்டுப்படல டாக்டர்" என்றீர்கள். எனக்குக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

சட்டைக் கையை உள்ளேயிருந்து பிடித்து இழுத்தால் புரண்டு வருமே, அப்படிக் கர்ப்பப்பை உட்புறம் வெளியாகப் புரண்டிருந்தது. பல ஆயிரம் பிரசவங்களில் ஒருவருக்கு வருவது. நாடி இறங்கியதற்குக் காரணம், கூடவே இழுபட்ட நரம்புகள்.

டாக்டரம்மா, ஒட்டிக்கொண்டிருந்த நஞ்சுக்கொடியை நீங்கள் அவசரப்பட்டுப் பிய்க்கவில்லை. பிய்த்திருந்தால் ரத்தம் இன்னும் கொட்டியிருக்கும். அதோடு சேர்த்தே கர்ப்பப்பையைக் கையால் மேலே தள்ளி வைத்தீர்கள். தாமதித்தால் கர்ப்பப்பை வாய் வளையமாக இறுகி, வயிற்றைத் திறக்க வேண்டி வருமாம். மயக்க மருந்து டாக்டர் முதலில் கர்ப்பப்பை தளர மருந்து கொடுத்தார். கர்ப்பப்பை தன் இடத்துக்குப் போய் நஞ்சுக்கொடியையும் எடுத்த பிறகு, அது சுருங்குவதற்கு ஆக்ஸிடோசின். நேரெதிரான இரண்டு வேலைகள், சில நிமிட இடைவெளியில்.

ரத்தம் கொடுத்தவர்களே, நீங்கள் யாரென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ரத்தம்தான் இப்போது இந்தக் கையை எழுத வைக்கிறது. அத்தனை நேரமும் குழந்தையை மார்போடு அணைத்திருந்த ஆயாம்மாவுக்கும் நன்றி.

டாக்டரம்மா, மூன்றாம் நாள் உங்களிடம், "நான் சரியா முக்கலையா டாக்டர்?" என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். நஞ்சுக்கொடி பிரியும் முன்பே தொப்புள்கொடியை இழுப்பது, மேலிருந்து வயிற்றை அழுத்துவது, கர்ப்பப்பை சுருங்காமல் தளர்ந்து கிடப்பது, நஞ்சுக்கொடி அதன் உச்சியில் ஒட்டியிருப்பது அல்லது சுவருக்குள் ஆழமாக வேரோடியிருப்பது, தொப்புள்கொடி குட்டையாக இருப்பது என்று பல காரணங்கள். எதுவுமே இல்லாமலும் நடக்குமாம். எனக்கு நஞ்சுக்கொடி உச்சியில், கர்ப்பப்பையும் தளர்ந்திருந்தது. "நாங்க இழுத்துட்டோமான்னு முதல்ல எங்களையேதான் கேட்டுக்கிட்டோம்" என்று பிரசவக் குறிப்பை என் முன்னாலேயே விரித்துக் காட்டினீர்கள். கொடுத்த மருந்துகள் அத்தனையிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பேச்சுதான். அதுவரை என் உடம்பின் மீது எனக்கு இருந்த கோபம் அன்று ராத்திரி இல்லை.

அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வரக்கூடும், முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறீர்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கையால் பிழைத்த ஒரு தாய்