கேட்டுத் திருத்தினால் குறைவில்லை

ஆசிரியருக்கு,

சக அம்பயரின் தீர்ப்பில் தலையிடக் கூடாது என்கிறது பேஸ்பால் பற்றிய உங்கள் கட்டுரை. கேட்காமல் தலையிடக் கூடாது என்பதே விதி, சரி. ஆனால் கேட்பதற்கு அது தடை போடவில்லையே! 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில், கடைசியாக அவுட்டாக வேண்டிய 27ஆவது பேட்டருக்கு அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக 'சேஃப்' (அவுட் இல்லை) கொடுத்ததால், பந்து வீசிய அர்மாண்டோ கலாராகாவின் 'பெர்ஃபெக்ட் கேம்' (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்குப் போகவிடாத ஆட்டம்) பறிபோனது.

இப்படிப்பட்ட தவறை வீடியோவில் திரும்பப் பார்த்துத் திருத்த, சிறுவர் ஆட்டங்களில் ரீப்ளே ஏது? பேட்டர் ஓடிப்போய் முதலில் தொடவேண்டிய முதல் பேஸில், அம்பயராக நின்ற நான் ஒருமுறை ஒரு பையனுக்கு 'அவுட்' கொடுத்தேன். பந்து பிடித்தவரின் கையுறையிலிருந்து நழுவியதை அந்த வீரரின் முதுகு எனக்கு மறைத்துவிட்டது; பேட்டர் பந்தை அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டில் நின்ற அம்பயர் பார்த்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை. 'நான் வேறு விதமாகப் பார்த்தேன்' என்பதற்கு ஒரு சைகையை அம்பயர்கள் ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளட்டும். தீர்ப்பு கொடுத்தவரே கேட்டறிந்து, தானே மாற்றட்டும்.

- ஒரு வாசகர், நியூ ஜெர்சி