வீரவநல்லூர் அத்தைக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் ஏரல்ல இருந்து எழுதுறேன். எழுதணும் எழுதணும்னு ஒரு மாசமா நெனச்சிட்டே இருந்தேன், பொங்கலும் முடிஞ்சு இப்பதான் ஒரு இடத்துல உக்கார முடியுது. 2023 டிசம்பர் 17 ராத்திரி வந்த வெள்ளத்துல என்ன ஆச்சுன்னு இங்க யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு உலகத்துக்கே தெரியும், அதத் திரும்ப எழுத எனக்கு கை வரல. நன்றி சொல்லத்தான் வந்தேன், அத மட்டும் சொல்லிடுறேன்.

முதல்ல ஒரு அத்தை. "என் பேரு போடாத தாயி"ன்னு சொல்லிட்டாங்க, அதனால வீரவநல்லூர் அத்தைன்னே எழுதுறேன்.

அது வெள்ளிக்கிழமை, 22ஆம் தேதி. தண்ணி வடிஞ்சு நாங்க வீட்டுக்குள்ள சகதி அள்ளிட்டு இருக்கோம், மெத்தை, பிரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் தெருவுல கெடக்குது, எல்லார் வீட்டு வாசல்லயும் அதே கோலம் தான். பீரோ கதவு சகதி ஏறி தொறக்கவே இல்ல, எங்க வீட்டுக்காரர் கடப்பாரை வச்சு நெம்பித்தான் தொறந்தார். உள்ள எல்லாத் துணியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரு பெரிய உருண்டையா இருந்துச்சு, அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. அதுக்கு முந்தின நாள்தான் போட்டோ ஆல்பத்தப் பிரிச்சுப் பாத்திருந்தோம், ஒரு மூஞ்சி கூட மிஞ்சல, அப்பா மூஞ்சி உட்பட. அம்மா பீரோவ ஒரு தரம் எட்டிப் பாத்தாங்க, "எல்லாத்தையும் தூக்கிப் போட்ரு"ன்னு சொல்லிட்டு மாடிப்படில போய் உக்காந்துட்டாங்க. அஞ்சு நாளா அவங்க பேசினதே அவ்வளவுதான்.

நானும் என் மகளும் அந்தத் துணி மூட்டைய ரெண்டு பக்கமும் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டு வர்றோம், அப்பத்தான் சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்க ஒரு வேன் வந்து நிக்குது, வீரவநல்லூர் பக்கத்துல இருந்து வந்தவங்க. அதுல இருந்து ஒரு வயசான அம்மா இறங்கினாங்க, அறுபத்தஞ்சு எழுபது இருக்கும். பொட்டலத்த கைல குடுத்துட்டு மூட்டையப் பாத்தாங்க. "எங்க கொண்டு போற?"ன்னு கேட்டாங்க. குப்பைக்குன்னு சொன்னேன். சேலை முனைய ரெண்டு விரலால தொட்டுப் பாத்துட்டு "இன்னும் ஈரமாத்தான இருக்கு, ஈரமா இருந்தா பொழைக்கும், சகதியோட காஞ்சாத்தான் கஷ்டம்"னு சொன்னாங்க.

அவ்வளவுதான், வேன்ல வந்த மத்தவங்க அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க, அத்தை எங்க வாசல்லயே உக்காந்துட்டாங்க. ஐம்பது வருசம் தறில உக்காந்த குடும்பமாம், செடிபுட்டா சேலை நெய்யிற வீடு. அந்தச் சேலைக்கு 2023ல தான் புவிசார் குறியீடு கெடச்சுச்சு, பேப்பர்ல பாத்திருப்பீங்க, செடியும் பூவுமா கையாலயே புட்டா போட்டு நெய்வாங்க. துணிய அவங்க தொட்ட விதத்துலயே தெரிஞ்சுது, பச்சப்புள்ளைய குளிப்பாட்டத் தூக்குற மாதிரி அடில கை குடுத்துத்தான் தூக்கினாங்க, ஒரு தடவ கூட முனையப் புடிச்சு இழுக்கல.

எனக்கு உள்ளுக்குள்ள கூச்சமா இருந்துச்சு. குடிக்கத் தண்ணி இல்லாம ஜனங்க குடத்தோட நிக்கிறப்போ நம்ம சேலை அலசுறதான்னு. அத வாய்விட்டுச் சொல்லியும்ட்டேன். "லாரித் தண்ணிய நாம ஏன் தொடப்போறோம், அடிபம்பு இல்லயா?"ன்னு கேட்டு தெருக்கோடி அடிபம்புக்கு அவங்களே முன்னால நடந்தாங்க. முதல்ல கலங்கலாத்தான் வந்துச்சு, என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் அடிச்சப்புறம் தெளிஞ்சுது.

பட்டுச்சேலைல இருந்துதான் ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன். விலை கூடினது அதுதானே. அவங்க உருண்டையப் பிரிச்சுட்டே வந்தவங்க ஒரு கந்தல எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாத்தாங்க. அது அம்மாவோட பழைய சுங்குடி, நடுவுல நீளமா கிழிஞ்சு, ஒட்டுப் போட்டு, கலரே என்னன்னு தெரியாம இருக்கும். "இது மதுரைல கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்தினது, பிரிண்ட் இல்ல, பாரு ஒரு புள்ளி மாதிரி ஒரு புள்ளி இருக்காது"ன்னு என் மககிட்ட காட்டினாங்க. மதுரைல சுங்குடி போடுறவங்க மாதிரி அவங்க வீட்டுலயும் சௌராஷ்டிரா தான் பேசுவாங்களாம், மதுரைல அவங்க சித்தி சுங்குடிக்கு முடிச்சுப் போட்டே மூணு புள்ளைகளப் படிக்க வச்சவங்களாம். "இது ஏன் கிழிஞ்சதுக்கப்புறமும் பீரோவுல இருக்கு?"ன்னு கேட்டாங்க.

நான் சொன்னேன், அத்தை அது எங்க தொட்டில். 1985ல என்னப் போட்டாங்க, மூணு வருசம் கழிச்சு தம்பியப் போட்டாங்க, 2012ல என் மகளையும் அதுலயே போட்டோம், புதுச்சேலைல போட்டா புள்ள தூங்கல, இதுல போட்டாத்தான் தூங்குவா.

"அப்ப இதுதான் முதல்ல"ன்னு சொல்லிட்டு தொட்டிச்சேலைய அலச ஆரம்பிச்சுட்டாங்க. பருத்தி சீக்கிரம் பூஞ்சை புடிக்கும், பட்டு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்னு காரணமும் சொன்னாங்க தான், ஆனா எனக்குத் தெரியும் அவங்க அதுக்கு மட்டும் பண்ணல. இத எழுதும்போது கூட கண்ணு கலங்குது. பட்ட ஓரமா வச்சுட்டு எங்க கந்தல மொதல்ல கைல எடுத்தாங்க பாருங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் வேன்ல போனவங்க மறுநாள் திரும்ப வந்தாங்க. கைல ஒரு பை பூந்திக்கொட்டை, அஞ்சு பழைய வேட்டி. பட்டுக்கு சோப்புப் பவுடர் கூடாது, பிரஷ் கூடாது, முறுக்கிப் புழியவே கூடாது, பூந்திக்கொட்டை நுரைல முக்கி முக்கி எடுத்து, வேட்டி மேல விரிச்சு சுருட்டி அமுக்கினா வேட்டி ஈரத்த இழுத்துக்கும், அப்புறம் நெழல்ல உள்பக்கத்த வெளிய திருப்பிக் காயப்போடணும். ஒவ்வொரு சேலைக்கும் நானும் மகளும் ஆளுக்கொரு முனையப் புடிச்சுட்டு மாடில நின்னோம். சாயம் போற துணி தனி, போகாதது தனின்னு முன்னாலயே பிரிச்சு வச்சிருந்தாங்க. எல்லாமே பொழைக்கல, ரெண்டு சேலைல ஜரிகை கறுத்துப் போச்சு, ஒண்ணு மடிப்பு மடிப்பா இத்துருச்சு, அதையும் அத்தை மறைக்காம சொல்லிட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்தது இதான். மாடில தார்ப்பாய் கட்டி அதுக்குக் கீழ கொடி கட்டினோம், கொடில எங்க குடும்பமே வரிசையா தொங்குச்சு. என்னோட அஞ்சு வயசு பட்டுப்பாவாடை, வளர வளர பிரிச்சு விடலாம்னு கீழ மூணு டக்கு வச்சுத் தச்சது, டக்கு இருந்த எடத்துல மட்டும் பச்சைக் கலர் புதுசாவே மூணு கோடா இருக்கு, அத வச்சு எந்த வருசம் எவ்வளவு வளந்தேன்னு சொல்லிறலாம். ஒன்பதாப்புல கட்டின வெள்ளைத் தாவணி, நீலப் பாவாடை, முதல் நாள் அது நழுவி நழுவி விழுந்து நான் ஸ்கூல் போக மாட்டேன்னு அழுதது. சடங்குக்கு மாமா எடுத்துக் குடுத்த ரோஸ் பட்டு. 1982ல அம்மா கட்டின அரக்கு முகூர்த்தப் பட்டு. ரேஷன்ல பொங்கலுக்குக் குடுத்த இலவசச் சேலை ஒண்ணு, எம்ஜிஆர் 1983ல ஆரம்பிச்ச திட்டம், தாத்தா போனதுக்கப்புறம் ஆச்சி வெள்ளச்சேலை தான் கட்டுவாங்க, அதனால வருசா வருசம் வர்ற கலர்ச் சேலைய வாங்கி அப்படியே அம்மா கைல குடுத்துருவாங்க, கடைசியா குடுத்தத அம்மா கட்டாமலே வச்சுட்டாங்க. கடைசில அப்பாவோட காக்கிச் சட்டை. முப்பது வருசம் கண்டக்டர், பைல பேனா கசிஞ்ச கறை, ஊர் முழுகின தண்ணி ஏறியும் அந்தக் கறை போகல.

மககிட்ட இது யாரு துணி, இது எப்பக் கட்டினதுன்னு அத்தை தான் கேட்க வச்சாங்க. அவ போய் படில உக்காந்திருந்த அம்மாகிட்ட "ஆச்சி இந்தச் சட்டைல என்ன கறை?"ன்னு கேட்டா. அம்மா திரும்பிப் பாத்தாங்க, எந்திரிச்சு வந்தாங்க, சட்டையத் தொட்டாங்க. அப்புறம் நிறுத்தவே இல்ல, இருட்டுற வரைக்கும் கொடில இருக்குற ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுச் சொன்னாங்க, எனக்கே தெரியாத கதையெல்லாம் வந்துச்சு, அப்பா பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்த டெரிலின் சட்டைய கடன் வாங்கிட்டு வந்தாராம், அது யாரு சட்டைன்னு கூட அம்மாவுக்கு ஞாபகம் இருக்கு. போட்டோ இல்ல, ஆனா அப்பா எங்ககிட்ட இருக்காரு. அஞ்சு நாளா பேசாம இருந்த எங்கம்மாவ பேச வச்சது எந்த டாக்டரும் இல்ல, நீங்கதான் அத்தை.

மத்தவங்களையும் சொல்லணும், பேரு தெரியாதவங்கதான் நெறைய. அன்னைக்கு ராத்திரி மாடி வீட்டுக் கதவ விரியத் தொறந்து விட்ட எதுத்த வீட்டு மயினி, அவங்க அரிசிய எல்லாருக்குமா கஞ்சி காச்சினது, கடற்கரை ஊர்கள்ல இருந்து படகோட வந்த அண்ணன்மாரு, வெளி மாவட்டத்துல இருந்து வந்து எங்க தெரு சகதிய அள்ளின துப்புரவுப் பணியாளர்கள், கம்பம் நட்டு லைன் இழுத்த ஈபி அண்ணன்கள், கிறிஸ்துமஸ்க்கு எடுத்து வச்சிருந்த புதுத்துணிய அப்படியே எங்க புள்ளைகளுக்குக் குடுத்த குடும்பம். ஸ்ரீவைகுண்டத்துல ரயில்ல மாட்டுனவங்களுக்கு புதுக்குடி ஜனங்க இருந்ததப் பொங்கிப் போட்டாங்கல்ல, அந்த மாதிரி தான் எல்லாரும் இருந்தீங்க.

இன்னொருத்தங்க, யாருன்னே தெரியல, நைட்டி ஒண்ணு, உள்பாவாடை ஒண்ணு, துண்டு, உள்ளாடை, நாப்கின் எல்லாம் ஒரே கவர்ல போட்டு வீட்டுக்கு ஒண்ணுன்னு அனுப்பியிருந்தீங்க. அஞ்சு நாளா ஒரே ஈரச்சேலைல இருந்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். கேட்கக் கூச்சப்படுறத கேட்காமலே குடுத்தீங்க. நிவாரணத்துக்கு வந்த மூட்டைகள்ல பட்டன் இல்லாத சட்டை, ஜிப் போன பேன்ட் எல்லாம் கூட இருந்துச்சு, அனுப்பினவங்க மேல கோவம் இல்ல, நானே முன்னால ஒரு வெள்ளத்துக்கு அப்படித்தான் அனுப்பியிருக்கேன். இனி அனுப்ப மாட்டேன். எங்க வெள்ளம் வந்தாலும் கடைல எடுத்த புது நைட்டி ரெண்டாச்சும் என் கைல இருந்து போகும், இது என் மக தலைல கை வச்சு சொல்றேன்.

பீரோ இப்ப தம்பி வாங்கிக் குடுத்தது புதுசு. உள்ள ஒவ்வொரு துணியோடயும் ஒரு சீட்டு இருக்கு, யாருது, எந்த வருசம், என்ன விசேஷம்னு மக அவ கையெழுத்துல எழுதியிருக்கா. பட்ட இனி பூட்டி வைக்கிறதாவும் இல்ல, பொங்கலுக்கு அம்மா முகூர்த்தப் பட்டையே கட்டிட்டுத்தான் பானை வச்சாங்க, கறுத்த ஜரிகையோட.

அத்தை, மாசி பொறந்ததும் நாங்க எல்லாரும் வீரவநல்லூர் வர்றோம், அம்மாவும் வருவாங்க. நீங்க கொண்டு வந்த வேட்டி அஞ்சையும் துவைச்சு கஞ்சி போட்டு மடிச்சு வச்சிருக்கேன். ஆனா நாலுதான் திருப்பித் தருவேன். அஞ்சாவதுல அம்மா முகூர்த்தப் பட்டோட அரக்குச் சாயம் புடிச்சிருக்கு, எவ்வளவோ அலசிப் பாத்தேன், போகல. அத நான் வச்சுக்கிறேன் அத்தை, சீட்டு எழுதி உள்ள வச்சாச்சு.