எழுவாயைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக யூத இனப்படுகொலை பற்றித் தமிழில் தயாரித்த ஆறு பாடவேளைப் பாடத்தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. உரையைத் திருத்தியவர்கள், ஜெர்மன் ஆவணங்களை வரிவரியாகப் படித்துச் சொன்னவர்கள், வகுப்பில் நடத்திப் பார்த்துக் குறை சொன்னவர்கள் எனப் பலருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுகிறோம். இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி மொழி திருத்திய அம்மாவுக்கு. "60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்" என்ற வரியின் ஓரத்தில் நீங்கள் எழுதியது ஒரே சொல்: "எழுவாய்?" கொல்லப்பட்டனர், வெளியேற்றப்பட்டனர், பறிக்கப்பட்டன என்று 'படு' சேர்த்து எழுதினால், செய்தவன் சத்தமில்லாமல் வாக்கியத்தை விட்டுப் போய்விடுகிறான். இதைச் சரிசெய்யப் போய் விழும் இன்னொரு குழி, "ஹிட்லர் 60 லட்சம் பேரைக் கொன்றார்" என்பது. விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஒரே ஆளை எழுவாயாக உட்காரவைத்தால் மற்ற எல்லோரும் கைகழுவிக்கொள்ளலாம். இப்போது தொகுப்பில் ஒவ்வொரு வினைக்கும் ஆள் உண்டு: காவல் படை, நிதி அலுவலகம், ரயில்வே, வீட்டுக்காரர். ஆளைக் கண்டுபிடிக்க வழியே இல்லாத இடத்தில் மட்டும் 'படு' இருக்கிறது.

"வதை முகாம்" என்ற சொல்லிலும் நீங்கள்தான் கோடு போட்டீர்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் ஓடுகிறது. 1933 மார்ச்சில் திறந்த டாஹாவ், ஆட்களை அடைத்துவைத்து வதைத்த முகாம். அங்கே முதலில் போனவர்கள் பெரும்பாலும் நாஜிகளின் அரசியல் எதிரிகள். போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்காவில் அடைத்துவைக்கும் பேச்சே இல்லை. வந்து இறங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் சில மணி நேரத்துக்குள் கொன்றார்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பிள்ளைகள் மனத்தில் கம்பிவேலியும் பட்டினியும்தான் நிற்கும், கொல்வதற்கென்றே கட்டிய இடம் ஒன்று இருந்தது நிற்காது. ஆகவே "வதை முகாம்" வேறு, "கொலை மையம்" வேறு என்று பிரித்தாயிற்று. "போலந்து முகாம்" என்பதும் போயிற்று. போலந்து அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது, முகாம்களை நடத்தியவர்கள் ஜெர்மானியர்கள்.

காலக்கோட்டை அட்டையில் வரையாமல் கயிற்றில் கட்டச் சொன்ன ஆசிரியருக்கு அடுத்த நன்றி. ஓராண்டுக்கு ஒரு மீட்டர். ஹிட்லர் பதவியேற்ற 30.1.1933 முதல் ஜெர்மனி சரணடைந்த 8.5.1945 வரை 12.27 மீட்டர், முடிச்சுக்கும் சேர்த்து 13 மீட்டர் நூல் கயிறு வாங்கினால் போதும். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், துணிக் கிளிப் அதில் நகராது. கிளிப்பில் தொங்குபவை ஆணைகள். 5.79 மீட்டரில் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கு வரக்கூடாது (15.11.1938). 7.43 மீட்டரில் பெர்லின் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணி வரைதான் உணவுப்பொருள் வாங்கலாம் (4.7.1940). 1942இல் வீட்டில் நாய், பூனை வளர்க்கவும் தடை. இந்த ஆணைகளைப் பெர்லினின் பவேரியக் குடியிருப்பில் விளக்குக் கம்பங்களில் 80 பலகைகளாக 1993 முதல் மாட்டிவைத்திருக்கிறார்கள். அந்த வாசகங்களை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துத் தந்தவருக்கும் இங்கேயே நன்றி.

கயிறு ஏன் நல்லது என்றால், புத்தகக் காலக்கோடு எல்லா நிகழ்ச்சிக்கும் சம இடைவெளி விட்டுவிடும். கயிற்றில் சோவியத் ஒன்றியத்தின் மீதான படையெடுப்பே 8.39 மீட்டரில்தான் வரும். அதற்கு முன்னும் கொலைகள் உண்டு. ஆனால் ஊர் ஊராகச் சுட்டுக் கொல்வது அங்கேதான் தொடங்குகிறது. 8.66இல் கீவுக்கு அருகே 'பாபின் யார்' என்ற பள்ளத்தாக்கு: இரண்டு நாளில் 33,771 பேர், கொன்றவர்களே தங்கள் அறிக்கையில் எழுதிய எண். 8.97இல்தான் பெர்லினின் வான்சே பகுதி மாளிகை ஒன்றில் அதிகாரிகள் கூடிய வான்சே கூட்டம். "20.1.1942 அன்று வான்சேயில் இனப்படுகொலையை முடிவு செய்தார்கள்" என்ற பரவலான பிழையைக் கயிறே திருத்திவிடும். அந்த மாளிகையில் கூடிய 15 பேர், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கொலையை எந்தத் துறை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்றுதான் பேசினார்கள். கூட்டக் குறிப்பு 15 பக்கம். எடுத்த 30 பிரதிகளில் கிடைத்தது 16ஆம் எண் மட்டும். சாதாரண வகுப்பறைக்குள் கயிறு அடங்காது, ஒன்பது மீட்டருக்கு மேல் வாசலைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் போய்விடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜெர்மன் கையெழுத்தைப் படித்துத் தந்த அன்பருக்கு எங்கள் கடன் பெரிது. மூன்றாம் பாடவேளை முழுக்க ஒரே ஒரு கோப்புதான்: பெர்லினில் நாடுகடத்தலுக்கு முன் யூதர்களிடம் கொடுத்த 16 பக்கச் சொத்துப் படிவம். வீட்டில் நாற்காலி எத்தனை, விளக்கு எத்தனை, சட்டை எத்தனை என்று போகப்போகிறவரே தன் கையால் நிரப்ப வேண்டும். 25.11.1941இல் வந்த ஆணைப்படி, யூதர் ஒருவர் எல்லை தாண்டியதும் குடியுரிமை போய்விடும், சொத்து அரசுக்குச் சேர்ந்துவிடும். எல்லை தாண்டவைத்ததும் அதே அரசுதான். இதே கோப்பில் பின்னால் சேரும் தாள்களைத்தான் நீங்கள் எங்களைக் கவனிக்கச் சொன்னீர்கள். நீதிமன்ற அமீனா வந்து அலமாரிக்கு விலை போடுகிறார். வீடு காலியாகக் கிடந்த மாதங்களுக்கு வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரர் நிதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். மின்சார, எரிவாயு நிறுவனங்கள் பாக்கியைக் கேட்கின்றன. இவர்களில் யாரும் யாரையும் சுடவில்லை.

நான்கு பேருக்கு ஒரு நகல், ஒரு சிவப்புப் பென்சில். தாளைத் தொட்ட ஒவ்வொரு ஆளுக்கும் கீழே ஒரு கோடு. 25 நிமிடம் கொடுங்கள். குறைத்தால் படிவத்தை நிரப்பியவரை மட்டும் கண்டுபிடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

ரயில் கட்டண விவரத்தைக் கணக்குப் பயிற்சியாக்க நினைத்தபோது தடுத்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. விவரம் உண்மை. ஜெர்மன் ரயில்வே நாடுகடத்தலுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் போட்டது, ஒரு கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் காசு). பத்து வயதுக்குக் கீழே பாதி, நான்குக்குக் கீழே இலவசம், 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. யூதர்களுக்கு ஒருவழிச் சீட்டு, காவலர்களுக்குப் போகவர. பிள்ளைகளைக் கூட்டிப் பெருக்கச் சொன்னால் விடை சரியா தவறா என்பதில் கவனம் போய்விடும் என்றீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள்: மனநோயாளிகளைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடவைத்தது நாஜிக் காலப் பள்ளிப் புத்தகம். அந்தப் பக்கம் அன்றே நீங்கியது. கட்டண விதியை இப்போது வாசிக்க மட்டும் சொல்கிறோம்.

"செய்யாவிட்டால் சுட்டிருப்பார்களே" என்ற கேள்வி எந்த வகுப்பிலும் வரும். அதற்குப் போலந்தின் யூசெஃபுவ் ஊரில் நடந்த சம்பவத்தை எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி. 13.7.1942 அன்று ஹாம்பர்க்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் காவல் படையின் ஏறத்தாழ 500 பேர் முன்னால் அதன் தளபதி ட்ராப், யூதர்களைச் சுட முடியாதென்று நினைக்கும், வயதில் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். அவர்களை யாரும் சுடவில்லை. மீதிப்பேர் அன்று சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள், நடுவில் சிலர் நழுவினார்கள். பயம், பதவி, வெறுப்பு, பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்ற கூச்சம் என்று பல காரணம் சொல்வார்கள் பிள்ளைகள். ஒன்றை மட்டும் சரி என்று முடித்துவிட வேண்டாம். இந்த இடத்தில் "நீயாக இருந்தால்?" என்று கேட்கவும் வேண்டாம். எல்லாப் பிள்ளையும் தான் விலகியிருப்பேன் என்றே சொல்லும், பேச்சு அங்கேயே செத்துவிடும்.

படங்களைத் தேர்ந்தவர்கள் முதலில் எடுத்துப் போட்டது பிணக் குவியல்களை. அதற்குப் பதில் வைத்தது இரண்டு ஆல்பங்களை. 1944 கோடையில் ஹங்கேரியிலிருந்து ஆஷ்விட்ஸ் முகாமில் வந்து இறங்கிய யூதர்களை, முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். ஆட்கள் எடுத்த படங்கள் ஒன்றில். லிலி யாகோப் என்ற பெண் போர் முடியும் நேரத்தில் அந்த ஆல்பத்தை வேறொரு முகாமில் கண்டெடுத்தார், உள்ளே தன் குடும்பத்தையே பார்த்தார். மற்றொன்று ஆஷ்விட்ஸ் அதிகாரி கார்ல் ஹோக்கரின் ஆல்பம், 116 படம், 2007இல் வெளியே வந்தது. அதே கோடை, அதே முகாமின் ஊழியர்கள்: அக்கார்டியன், சிரிப்பு, கிண்ணத்தில் புளூபெர்ரிப் பழம். முதலில் குறிப்பை மறைத்துப் படத்தை மட்டும் கொடுங்கள். "படம் எடுத்தவர் எங்கே நின்றார்?" என்பதே முதல் கேள்வி. பழம் தின்னும் பெண்களைப் பார்த்து யாராவது சிரித்தால் அதட்ட வேண்டாம், குறிப்பைத் திறந்தால் போதும்.

யூதர் யார் என்ற பகுதியைப் படித்துப் பார்த்த யூத அன்பருக்கு: நீங்கள் அடித்தது பாதிப் பக்கம், சேர்த்தது இரண்டு பக்கம். முதல் வரைவில் யூதர்கள் 1933இல் தோன்றி 1945இல் முடிந்துபோனார்கள், நடுவில் எல்லா வாக்கியத்திலும் செயப்படுபொருளாகவே கிடந்தார்கள். இப்போது முதல் பாடவேளை போருக்கு முந்திய வாழ்க்கை. வார்சாவில் யூதர்களின் இட்டிஷ் மொழியில் வந்த நாளிதழ்கள், 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்து கிரேக்கத்தின் சலோனிக்காவில் லடீனோ மொழி பேசிய துறைமுகத் தொழிலாளிகள், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட சுமார் 1 லட்சம் யூதச் சிப்பாய்கள். ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். கால்வாசி என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

"யூதர்னா மதமா, சாதியா, நாடா?" என்ற கேள்விக்கு உங்கள் பதிலையே வைத்திருக்கிறோம்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. ஓய்வுநாளை விடாமல் காப்பவரும் யூதர், கடவுளை நம்பாமல் பாட்டியின் சமையலையும் பண்டிகையையும் மட்டும் வைத்திருப்பவரும் யூதர். மரபுச் சட்டம் தாய்வழி பார்க்கும், சீர்திருத்தச் சபைகள் பல தந்தைவழியும் ஏற்கும். இவையெல்லாம் யூதர்கள் தங்களுக்குள் பேசி, சண்டை போட்டு வைத்துக்கொண்டவை. நாஜி அரசின் 14.11.1935 ஆணை வேறு ரகம். தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீயும் யூதர், உன் விருப்பத்தைக் கேட்பாரில்லை. இதில் ஒரு கூத்து உண்டு. ரத்தம், இனம் என்று முழங்கியவர்களிடம் ரத்தத்தைச் சோதிக்க வழி இல்லை, கடைசியில் தாத்தா எந்த வழிபாட்டுச் சபையில் பதிந்திருந்தார் என்ற பதிவேட்டைத்தான் புரட்டினார்கள். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி எடித் ஸ்டைனை 1942இல் ஆஷ்விட்ஸில் கொன்றது இந்தக் கணக்குப்படிதான்.

யூதர் என்றாலே ஐரோப்பியர் என்ற எண்ணத்தை உடைக்கக் கொச்சி செப்பேட்டைச் சேர்க்கச் சொன்ன கல்வெட்டு ஆர்வலருக்கும் நன்றி. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது.

வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் எழுதியனுப்பிய குறைகள் பொன். ஸ்வஸ்திகாவையும் "ஆரியர்" என்ற சொல்லையும் முதல் பாடவேளையிலேயே பத்து நிமிடத்தில் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் பாடவேளையில் பாதியை விழுங்கிவிடும். நாம் ஆரியர்–திராவிடர் என்று பேசும் சொல்லும், ஜெர்மன் அரசு வேலையிலிருந்து யூதர்களை நீக்க 1933இல் சட்டத்தில் எழுதிய சொல்லும் ஒரே வேலையைச் செய்யவில்லை. நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொள்வது, பிள்ளைகளை மூலையில் நெருக்கி நிற்கவைத்து "ரயில் பெட்டி" காட்டுவது எதுவும் கூடாது: பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் நினைவிருக்கும், இல்லையென்றால் ஒரு பிள்ளை நிஜமாகவே மிரண்டுபோகும். யூதர்களைக் காப்பாற்றியவர்களின் கதையை ஆறாம் பாடவேளையில் வைக்காதீர்கள், நான்காவதில் வையுங்கள். கடைசியில் வைத்தால் எல்லாம் நல்லபடி முடிந்த நிம்மதியோடு எழுந்து போவார்கள். முள்ளிவாய்க்காலோடு ஒப்பிட்டு யாராவது கேட்டால் வாயை அடைக்க வேண்டாம், "அங்கே யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்" என்று இதே சிவப்புப் பென்சிலைக் கையில் கொடுங்கள். எது பெரிது என்று தராசு தூக்காமல் இருந்தால் போதும்.

கடைசி நன்றியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஜெர்மானியர்கள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் சுமார் 60 பேரைச் சேர்த்துக்கொண்டு, தங்கள் கதையைத் தங்களைக் கொல்கிறவன் எழுதக்கூடாது என்று எல்லாவற்றையும் சேகரித்தார்: நாட்குறிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, டிராம் சீட்டு, மிட்டாய் உறை. 1942 ஆகஸ்டில், ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்தபோது, நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தவர்கள் ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஷ்டாய்னும் மாணவர்கள் தாவித் கிராபர், நாகும் கிஷிவாச் இருவரும். கிராபருக்கு 19 வயது. அடுத்த ஆண்டு இரண்டு பால் கேன்களையும் புதைத்தார்கள். குழுவில் போரைத் தாண்டியவர்கள் மூவர்தான். பெட்டிகள் 1946இலும் கேன்கள் 1950இலும் கிடைத்தன, மொத்தம் சுமார் 35,000 பக்கம். பால் கேனுக்குள் இருந்தவை பெரும்பாலும் தப்பின. தகரப் பெட்டிகள் காற்றுப்புகாதபடி மூடியவை அல்ல, நிலத்தடி நீர் இறங்கி மை பரவிவிட்டது.

ஆறாம் பாடவேளைக்கு அந்தப் பெட்டியின் தாள் ஒன்றை வைத்திருக்கிறோம். நகல் எடுக்கும்போது தெளிவாகத் தெரியட்டும் என்று கறையை வெளுத்துவிடாதீர்கள். நகல் இயந்திரத்தில் அடர்த்தியை ஒரு படி கூட்டியே வையுங்கள்.

நன்றியுடன்,
பாடத்தொகுப்புக் குழுவினர்