பச்சைத் தொட்டிக்குப் போகும் நல்ல காய்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரில் இப்போது நிறைய வீடுகளில் தொட்டபள்ளாப்பூர், ஆனேக்கல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாராவாரம் பெட்டியில் காய்கறி வாங்குகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எங்கள் குடியிருப்பில் ஈரக் குப்பை போடும் பச்சைத் தொட்டியைத் திறந்தால் கட்டுகூடப் பிரிக்காத கீரையும் வதங்கிய நூல்கோலும் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பெட்டி வந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முள்ளங்கி, பீட்ரூட் இலைகளை முதலில் நறுக்கிப் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிழங்கு சீக்கிரம் தொய்ந்துவிடும். அந்த இலையை வீசாமல் பாசிப்பருப்பு, பூண்டு போட்டு அன்றைக்கே பொரியல் செய்யலாம், கசப்பே தெரியாது. கீரையைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், பூசணி, சேனை, சௌசௌ எல்லாம் காத்திருக்கும். பீர்க்கங்காய்த் தோலும் சௌசௌ தோலும் உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். அப்புறம் வாரக் கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டு காய்க்குக் கதம்ப சாம்பார் இருக்கவே இருக்கிறது.

உங்கள் சமையல் பகுதியில் பனீர், காளான் நிறைய வருகிறது. தண்டு, தோல், இலைச் சமையலுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். பெட்டி அனுப்புபவர்களும் என்ன காய் வருகிறது என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், நாங்கள் கடையில் அதையே மறுபடி வாங்காமல் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூர்