காசிமேட்டு அக்காவுக்கு, செயின்ட் ஜான்ஸிலிருந்து

செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும், நம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி எவனோ எழுதிய கட்டுரையை வெட்டி அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த பேப்பர் துண்டும் வந்து பத்து நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நொடியில் வந்திருக்கும். நான் போனை எடுக்காததால்தான் தபால் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறாய் என்று கவரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பொங்கலுக்குக்கூடப் பேசவில்லை. வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை. நான் ஓட்டல் வேலை முடிந்து வரும் ராத்திரி பதினொன்றுக்கு அங்கே காலை எட்டு. ஏலம் முடிந்து மாமா வந்து படுக்கிற நேரம். சரி, அவரை எழுப்ப வேண்டாம் என்று நானும் படுத்துவிடுவேன். இந்த ஊர்க் கடிகாரமும் நம் ஊரைப் போல அரை மணிக் கணக்கில் ஓடுகிறது என்று மாமாவிடம் சொல், அவருக்குப் பிடிக்கும்.

அம்மா கேட்டதற்கெல்லாம் பதில்: சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஓட்டலிலேயே முடிந்துவிடுகிறது. கனமான கோட்டு ஒன்று இருக்கிறது, இங்கே சர்ச்சில் கொடுத்தார்கள், கிட்டத்தட்டப் புதுசு. வேலைக்கு நடந்தே போய் வருகிறேன், நாற்பது நிமிஷம். பஸ் இருக்கிறது, எனக்குத்தான் நடக்கப் பிடிக்கிறது. ஒரே அறையில் மூன்று பேர் இருக்கிறோம், கலகலப்பாகப் போகிறது. நண்டு ஆலை ஏப்ரல் வாக்கில் திறந்துவிடும். அங்கே மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கும்போது இங்கே எனக்கு வேலை ஆரம்பிக்கும், வேடிக்கையைப் பார்.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், நீ அனுப்புவதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன். அறையில் ஒரு மயிலாப்பூர் பையன் இருக்கிறான், அவன் போனில் பார்த்து உரக்கப் படித்தான். கத்தித் தழும்போடு திரியும் ஆண்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய சந்துகள், தைரியமுள்ள பயணிகள் விடியற்காலையில் ஒரு மணி நேரம் போய் வரலாம் என்ற யோசனை வேறு. நாம் என்ன மிருகக்காட்சி சாலையா? பையன் படித்து முடித்துவிட்டு, 'இது உங்க ஏரியா பக்கம்தானே?' என்று கேட்டான். நான், 'இல்லை, நாங்க ராயபுரம், ஸ்டேஷன் பக்கம்' என்றேன். 'அப்போ காசிமேடு இல்லையா?' 'பக்கத்துல, ஆனா உள்ளே இல்லை.' மறுநாள் ஓட்டலில் இன்னொருவரிடமும் அதையே சொன்னேன். ராயப்பர் பேரில் இருக்கிற ஊரில் வளர்ந்துவிட்டு, சேவல் கூவும் முன்னே இயேசுவைத் தெரியாது என்று சொன்ன அவர் தப்பையே நானும் செய்திருக்கிறேன். இந்தப் பனியில் கூவுவதற்கு ஒரு சேவல்கூட இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடு.

கட்டுரையில் பெரியம்மா படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை நீட்டி நிற்கிறாள். கீழே 'சண்டையிடும் பெண்கள்' என்று போட்டிருக்கிறான். சங்கரா மீனுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்திருப்பாள், வேறென்ன? அந்த ஆள் ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள், ஒரு கூறு மீனையும் கட்டிக் கொடுத்திருப்பாள். தெருவே கொதித்துக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் அதை லேமினேட் செய்து டி.வி. மேல் வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கேரம் கிளப் பசங்கள் அந்தக் கட்டுரையை பஜ்ஜி எண்ணெய் ஒற்ற வைத்தார்களாம். அதுவும் சரிதான்.

இங்கே பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, யாரைப் பார்த்தாலும் 'பாய்', 'பாய்' என்பாரே, அவர்தான். முதல் மாதம் என்னை முஸ்லிம் என்று நினைத்துக்கொண்டார் போல என்று நானும் சலாம் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது இங்கிலீஷ் 'பாய்', பையன் என்று அர்த்தம், இந்த ஊரில் எல்லோருமே 'பாய்'தான். விடியற்காலை ஐந்து மணிக்கு நம் வாசற்படிப் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். கடலுக்குப் போனவர். 1992 ஜூலையில் அரசாங்கம் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டது. நம்முடைய 61 நாள் தடை மாதிரி இல்லை, வருஷக்கணக்கில் நீண்டது. கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேருக்கு வேலை போனதாம். 'மீன்' என்று சும்மா சொன்னால் இவர்களுக்கு காட் மட்டும்தான், மற்றதெல்லாம் அதனதன் பேர். அந்த மீனை உப்புப் போட்டு மரப்பரணில் காயவைத்துத்தான் இவர்கள் முன்னோர் பிழைத்தார்கள். நம் கருவாடுதான், நம் வெயில்தான் இல்லை. கல் மாதிரி ஒரு ரொட்டியை ராத்திரி முழுக்க ஊறவைத்து அந்த மீனோடு சேர்த்து ஒரு தட்டு கொடுத்தார். காரமே இல்லை. மாமாவாக இருந்தால் பாதியில் எழுந்திருப்பார். நான் தின்று முடித்தேன்.

அவரிடம் கட்டுரை விஷயத்தைச் சொன்னேன், காசிமேடு என்றே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இந்தத் தீவு கனடாவோடு சேர்ந்ததே 1949-ல்தான். நம் ராபின்சன் பூங்காவில் மழையில் தி.மு.க. பிறந்த அதே வருஷம். அதற்குப் பிறகு கனடாவின் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் இவர்களைச் சோம்பேறி, குடிகாரன், அரசாங்கப் பணத்தில் வாழ்கிறவன் என்று எழுதித் தள்ளினார்களாம். இவர்களை வைத்தே ஒரு தனி ரக ஜோக்கும் இருக்கிறது. கிழவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'அந்த ஆள் என்ன மீன் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறான்?' பேப்பரை எடுத்துப் பார்த்தேன். 'பொரித்த ஏதோ ஒரு மீன்' என்றுதான் இருந்தது. 'மீன் பேர் கேட்காதவன் துறைமுகத்துக்கு வந்ததே இல்லை, பாய்' என்றார்.

1986 ஆகஸ்டில் இந்தக் கரைக்கு வெளியே மூடுபனியில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் இலங்கைத் தமிழர்கள் 155 பேர் தத்தளித்தார்கள், அவர்களை முதலில் பார்த்துத் தூக்கியது மீன்பிடிக்கப் போனவர்கள்தான் என்ற கதையையும் அவர்தான் சொன்னார். நான் தமிழன் என்று தெரிந்த நாளிலிருந்துதான் என் வாசற்படிப் பனியையும் தள்ளுகிறார் என்று நினைக்கிறேன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கட்டுரைக்கு மாமா எழுதிய பதில் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றித் தருகிறேன். ஆனால் 'நாங்கள் ரவுடிகள் இல்லை' என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல். அப்படி ஆரம்பித்தால் அவன் சொன்னதற்குத்தான் பலம். நாற்றம் என்று எழுதினானே, அதையே பிடித்துக்கொள்ளலாம். ஊர் முழுக்கக் குப்பையைக் கொடுங்கையூரில் கொட்டியது யார்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து படகும் வலையும் கறுத்துப்போனபோது, வாளியால் அள்ளியது எண்ணூர்க் குப்பத்து ஆட்கள். அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த ராத்திரி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்கள்தான். மீன் நாற்றம் தண்ணீர் ஊற்றினால் போகும், அக்கா. அதை எழுதச் சொல்.

ராயபுரம் ஸ்டேஷன் 1856 என்பதையும், தாத்தா வேலை பார்த்த பி அண்ட் சி மில் ஆட்களுக்காக 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதையும் மாமா ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். இரண்டு வரியாகக் குறைத்துவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஆனால் புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவுக்குப் போய்க் கேரமில் மூன்று தங்கம் வாங்கியதை விட்டுவிட்டாரே! கிளப் பசங்களே அவரை அடிப்பார்கள். அதைச் சேர்க்கிறேன்.

போன ஜூலையில் கிழவர் என்னை மிடில் கோவ் என்கிற கரைக்குக் கூட்டிப்போனார். கேப்லின் என்று நம் நெத்திலிக்கு அண்ணன் மாதிரி ஒரு மீன், முட்டையிட அலையோடு கரைக்கே வந்து புரள்கிறது. கரையெல்லாம் வெள்ளி. ஜனங்கள் வாளியும் கைவலையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் கத்தினாள், பெரியம்மா குரல் மாதிரியே. திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தே நின்றேன். காற்றில் கண் எரிகிறது என்று கிழவரிடம் சொன்னேன். எனக்கு இப்போதே அம்மா கையால் நெத்திலிக் குழம்பு வேண்டும், ராத்திரி மிஞ்சியதை மறுநாள் நாஷ்டாவுக்கு இட்லியோடு.

சரி, வீட்டு விஷயம். குட்டியைப் பெண் பார்த்துவிட்டுப் போன வளசரவாக்கத்துக்காரர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு 'யோசித்துச் சொல்கிறோம்' என்றார்களா? யோசிக்கட்டும், நீ போன் பண்ணாதே. 2021-லிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது. வர மனசு இருந்தால் தண்டையார்பேட்டையில் இறங்கி வரட்டும். வீட்டை மாற்றிச் சொல்ல வேண்டாம். கல்மண்டபம் அத்தை சொன்ன எண்ணூர்ப் பையனைப் பற்றி விசாரி, கடலுக்குப் போகிறவன் என்பதற்காகத் தள்ளாதே. குட்டியையும் ஒரு வார்த்தை கேள்.

இந்த மாதம் எட்டாயிரம்தான் அனுப்பியிருக்கிறேன். மீதியை நண்டு சீசனில் சேர்த்து அனுப்புகிறேன். சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம், முழுசாக முடியட்டும். எனக்காக அடகு வைத்த உன் செயினுக்கு வட்டி கட்டிய ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பு. லாஞ்சு இன்ஜினைத் தடைக்காலத்திலேயே பிரித்துப் பார்த்துவிடச் சொல் மாமாவை, ஜூன் பதினாலாம் தேதி வரைக்கும் காத்திருந்தால் மெக்கானிக் கிடைக்க மாட்டான்.

கருவாடு அனுப்பாதே, பிடித்துவிடுவார்கள். பெரியம்மா படத்தில் ஒரு பிரதி மட்டும் அனுப்பு. இங்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் போகிறேன். கவரில் வீட்டு எண்ணை 41 என்று போடு, போன தடவை 14 என்று எழுதியதால் கிழவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் நாலு நாள் கிடந்தது.

இப்படிக்கு,
உன் தம்பி