நாற்பது நொடி கொடுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் அல்ல. "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட மணி அடிப்பவர்களுக்கு மட்டும். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு வயது 49. தொல்லை, நெஞ்செரிச்சல். உணவுக்குழாயின் அடியில் இருக்கிற வளையத் தசை ஏன் தளர்கிறது, அமிலம் ஏன் மேலே ஏறுகிறது என்பதெல்லாம் நீங்கள் வருடக்கணக்கில் படித்தவை. அதை உங்களுக்கே விளக்க நான் வரவில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

அதே மருத்துவர், ஐந்து மாதத்தில் மூன்றாவது முறை. உட்கார்ந்ததும், "டாக்டர், ராத்திரி படுத்தா தொண்டை வரைக்கும் புளிச்சு…" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கை மருந்துச் சீட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. "அசிடிட்டிதான். காரம், புளிப்பைக் குறைங்க. டென்ஷன் ஆகாதீங்க. அதே மாத்திரையைப் போடுங்க." "அந்த மாத்திரை கேக்கலையே டாக்டர்" என்றேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "நெட்ல எதையாவது படிச்சுட்டு பயந்துபோய் இருக்கீங்க. மாத்திரை கேக்கலைன்னா மனசுதான் காரணம்." மணி அடித்துவிட்டார்.

மனசு பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ராத்திரியைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் அதைச் சொல்லத்தான் மூன்று முறையும் வாயைத் திறந்தேன்.

இரவு இரண்டு மணிவாக்கில் எதுக்களித்துக்கொண்டு வரும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடுவதால், மேலே ஏறிய அமிலத்தைக் கீழே தள்ள ஆள் கிடையாது. அது அங்கேயே கிடந்து எரிக்கும். தொண்டையில் சுடுகிற புளிப்பு, மூக்கு வரைக்கும் ஒரு கார நெடி, அப்புறம் மூச்சு அடைத்துக்கொண்டு வருகிற இருமல். கட்டிலின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமுவேன், வீட்டில் மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று. முதல் மாதம் என் கணவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து "மறுபடியுமா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் கேட்பதில்லை. தூக்கத்திலேயே ஒரு கையை நீட்டி என் முதுகில் வைத்துக்கொள்கிறார்.

முதல் ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது இதயம்தான் என்று நினைத்து. ஈசிஜி எடுத்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. ஆனால் அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல் அன்றிலிருந்து என் கோப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதயத்தில் ஒன்றுமில்லை என்றால் எனக்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிட்டது.

தலையணையை மூன்றாக அடுக்கிப் படுத்துப் பார்த்தேன். இன்னும் மோசம். கடைசியில் சாய்வு நாற்காலிதான் கதி என்று ஆனது. நான்கு மாதம் நாற்காலியில் தூங்கியிருக்கிறேன், டாக்டர். தூங்கியிருக்கிறேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. காலையில் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது, குரல் கட்டியிருக்கும். தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லோரும் "சளி பிடிச்சிருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பகலில் கணக்கு எழுதும்போது எண்கள் இடம் மாறும்.

தலையணையை அடுக்கினால் இடுப்பில் மடங்கி வயிறு அழுத்தப்படும், அது அமிலத்தை இன்னும் மேலே தள்ளும் என்பதையும், தலையணைக்குப் பதில் கட்டிலின் தலைமாட்டையே 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்பதையும் நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆம், நெட்டில்தான் படித்தேன். வேறு எங்கே போய்க் கேட்பது? இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டும் மரக்கட்டைமேல் நிற்கின்றன. விடியும்போது போர்வை, படுக்கை விரிப்பு, நாங்கள் இருவரும் எல்லாம் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்திருப்போம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் படுத்துத் தூங்க முடிகிறது, வாரத்தில் மூன்று நாளாவது.

இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இரைப்பையில் இருக்கிற அமிலம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும், வலது பக்கம் படுத்தால் நேர்மாறு. "இடது பக்கம் படுங்க." மூன்று சொல். மூன்று முறை வந்தேன், ஒரு முறைக்கு ஒரு சொல் என்று வைத்திருந்தால்கூட இந்நேரம் சொல்லி முடித்திருக்கலாம்.

சரி, மனசுக்கு வருகிறேன்.

போன வாரம் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். பாண்டோபிரசோல் அட்டையை நீட்டிய பையன், "அக்கா, இதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடிதானே போடறீங்க?" என்று சும்மா கேட்டான். நான் விழித்தேன். எட்டு வாரமாக அதைக் காலை உணவு முடிந்த பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். சீட்டில் 1-0-0 என்று மட்டும்தான் இருந்தது. சாப்பிடும்போது இயங்க ஆரம்பிக்கும் அமிலப் பம்புகளை அடைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அதனால் உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும். பிந்திப் போட்டால் பாதி வீண். ஆக, மாத்திரை சரியாகக் கேட்காததற்குக் காரணம் என் மனசு அல்ல, கடிகாரம். இதை உங்களிடமிருந்து அல்ல, இருபது வயசுப் பையனிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவனுக்கு நன்றி. உங்கள்மேல் வருத்தம் என்று எழுதினால் அது பொய். கோபம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொல்லை ஆரம்பித்தது பிரஷருக்கு அம்லோடிபின் போட ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள். அந்த வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதுபோல அந்த வளையத் தசையையும் தளர்த்தக்கூடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். என் விஷயத்தில் அதுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. வயசும் இருக்கலாம், எடையும் இருக்கலாம். பிரஷர் மாத்திரையை நானாக நிறுத்தவும் இல்லை, அந்த அளவு புத்தி இருக்கிறது. ஆனால் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? விழுங்கும்போது தடைபடுகிறதா, எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டிருக்க வேண்டாமா? எனக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும், நீங்கள் கேட்கவே இல்லையே. எண்டோஸ்கோப்பி எடுத்தே தீர வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவும் இல்லை. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று ஒரு வரி சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருமுவேன்.

டென்ஷன் என்கிற நோய் ரொம்ப வசதியானது. அதற்குப் பரிசோதனை கிடையாது, தழும்பு கிடையாது, பழி முழுக்க நோயாளிமேல். ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்கும் டென்ஷன்தான் காரணம் என்றார்கள். டென்ஷன் அல்ல, ஒரு கிருமிதான் காரணம் என்று நம்பவைக்க 1984-இல் பாரி மார்ஷல் என்கிற ஆஸ்திரேலிய மருத்துவர் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது, 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்செரிச்சல் வேறு, அந்தப் புண் வேறு, தெரியும். நான் எதையும் குடித்துக் காட்டத் தயாராக இல்லை. வாயால் சொல்கிறேன், கேட்டால் போதும்.

அதே 1984-இல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர்கள் நோயாளியின் பேச்சைச் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டது பதிவாகியிருக்கிறது. என் அனுபவத்தில் 18 நொடி என்பது தாராளம். காத்திருக்கும் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சுவரில் "உங்கள் நலமே எங்கள் நோக்கம்" என்பதை நாற்பது முறை படித்து, உள்ளே போனால் ஒரு வாக்கியத்துக்குக்கூட இடமில்லை. பேசாமல் அந்த வாசகத்தை நோயாளிகள் உள்ளே வந்து உங்களிடம் படித்துக் காட்டலாம் போலிருக்கிறது.

குறை சொல்கிற வேகத்தில் கேட்க வந்ததை மறந்துவிட்டேன், மன்னிக்கவும். வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், நானும் அவர்களில் ஒருத்திதான். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நாங்கள் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க விடுங்கள். எழுதிக் கொடுக்கிற மாத்திரையை எப்போது, எப்படிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி முறை இருக்கிறது. இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன்: எப்போது ஆரம்பித்தது, எந்த மாத்திரைக்கு அப்புறம், ராத்திரி எத்தனை முறை, எப்படிப் படுத்தால் தேவலை. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சத்தமாகப் படித்துப் பார்த்தேன், நிதானமாகப் படித்தாலும் 40 நொடிதான் ஆகிறது. அதுவரை மணியில் கை வைக்காமல் இருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் உங்கள் நோயாளி