போத்தலின் பெயர் தெளிவாகத் தெரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில், லண்டனில் விஸ்கி 'இன்ஃபுளுவன்சர்' ஆக, அதாவது இணையத்தில் விஸ்கியைப் பற்றி வீடியோ போடுகிறவராக, இருக்கும் எங்கட பொடியன் ஒருவரைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். வயது 23 என்று எழுதியிருந்தது. எங்கள் பிள்ளை ஒன்று எந்தத் துறையிலாவது தலையெடுத்தால் சந்தோசம்தான். அவரை எனக்குத் தெரியாது, அவரில் கோபமும் இல்லை. என் பிரச்சினை அந்தப் படம். போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். அதன் பெயர், எத்தனை வருடம் பழசு, மதுசாரம் எத்தனை வீதம் எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடி போடாமலே என்னால் வாசிக்க முடிந்தது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு மதுவுக்கு விளம்பரம் போட முடியாது. அந்த விஸ்கிக் கொம்பனி உங்கள் காரியாலயத்துக்கு வந்து, அதே படத்தைத் தந்து, முழுப்பக்கத்துக்கான காசை மேசையில் வைத்திருந்தாலும் நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள். காசு வாங்காமல் போட்டுவிட்டீர்கள்.

நான் வடமராட்சிக்காரன். லண்டன் ஹரோவில் 2001இலிருந்து மதுவும் பலசரக்கும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். விஸ்கிக்கு எதிரான ஆள் நான் இல்லை, அதில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளின் வீடியோக்களுக்கும் என் கல்லாப்பெட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாரிகாலப் பின்னேரம். எங்கட தெரு முடக்கில் இருக்கும் தெரிந்தவர்களின் மருமகன், ரிக்ரொக்கில் நல்ல பேர், காரில் வந்து இறங்கினான். "அண்ணை, உங்கட கடைக்குப் பின்னால அந்தப் பழைய மர ராக்கைக்கு முன்னால ஒரு வீடியோ எடுக்கலாமோ?" எடு தம்பி என்றேன். கொம்பனி அனுப்பிய பெட்டியைத் திறந்தான். வைக்கோலுக்குள் போத்தல், இரண்டு கிளாஸ், ஓர் அட்டை. என்ன மணம், என்ன ருசி என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருந்தது: தேன், வனிலா, உலர்ந்த முந்திரிகை, பழைய தோல் கதிரை. அதைப் பாடமாக்கிக்கொண்டு இருந்தவன் திடீரென்று என்னிடம் திரும்பி, "அண்ணை, தோல் கதிரை எண்டா என்ன மாதிரி மணக்கும்?" என்று கேட்டான்.

ஊற்றுகிற காட்சியை மட்டும் உண்மையான விஸ்கியில் எடுத்தான். குடிக்கிற காட்சி சரிவர ஆறு, ஏழு தடவை எடுக்க வேண்டியிருந்தது. அவன் திரும்பக் கார் ஓடவேண்டியவன். ஆகவே என் மனிசியிடம் பிளேன்ரீ கேட்டான். அவள் ஊற்றிக் கொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாயம் கூடிப்போச்சு அக்கா, கொஞ்சம் தண்ணி விடுங்கோ" என்றான். அந்தத் தேத்தண்ணியை ஒரு மிடறு விழுங்கி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, 100க்கு 93 கொடுத்தான்.

வீடியோ மூன்றாம் நாள் வந்தது. விளம்பரம் என்று எங்கேயும் இல்லை. கீழே ஒருவர் 'என்ன ஒரு நிறம்!' என்று எழுதியிருந்தார். இப்போதும் காலையில் தேத்தண்ணி வைக்கும்போது மனிசி, "இண்டைக்கு எத்தினை மார்க்?" என்று கேட்கிறாள். அவன் ஊற்றி விட்டுப்போன உண்மையான கிளாசை அன்றிரவு கடை பூட்டிய பிறகு நான் குடித்துப் பார்த்தேன். பிழை சொல்ல முடியாது. நல்ல விஸ்கிதான். தோல் கதிரையைத்தான் காணவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கொட்ச் விஸ்கி ஓக் பீப்பாய்க்குள் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும், தண்ணீரையும் கருக்கிய சீனிச் சாயத்தையும் தவிர வேறொன்றும் சேர்க்கக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. சாயம் சேர்க்கலாம் என்பதைக் கவனியுங்கள். அதே போத்தலை ஜேர்மனியில் விற்றால் நிறமூட்டி சேர்த்திருப்பதை லேபலில் போட வேண்டும். பிரித்தானியாவில் அப்படிப் போடத் தேவையில்லை. ஆகவே கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி 'நிறத்தைப் பாருங்கள், எத்தனை வருடம் பீப்பாய்க்குள் இருந்திருக்கும்' என்று ஒருவர் சொன்னால், அந்த நிறம் பீப்பாய் தந்ததா, சீனி தந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சில கொம்பனிகள் நிறம் சேர்ப்பதில்லை, அதை லேபலிலேயே பெருமையாக எழுதுகின்றன. அதை வாசித்துக் காட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். சொந்தக் காசில் வாங்கி, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்கள். ஸ்பிரிங்பாங்க் என்ற விஸ்கியைப் பற்றி நானே அப்படி ஒரு வீடியோவில்தான் விளங்கிக்கொண்டேன். கம்பெல்டவுன் என்ற சின்ன ஊரில், வாற்கோதுமையை இன்னும் தங்கள் தரையிலேயே பரப்பி முளைக்க வைக்கிறார்கள். கிடைப்பது கொஞ்சம். வீடியோ பார்த்துவிட்டு மாதம் பத்துப் பேராவது ரெலிபோனை நீட்டி, "இது இருக்கா?" என்று கேட்கிறார்கள். என் கடைக்கு ஒரு போத்தலும் வருவதில்லை. வரும் கடைகளில் வாங்குகிறவர்களிலும் பலர் குடிப்பதில்லை, அடுத்த வாரம் இணைய ஏலத்தில் போடுகிறார்கள்.

ஏலம் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். கட்டட வேலை செய்கிறவர், ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. குடிக்கிறவரும் இல்லை. 2022இல் சீட்டெடுத்த காசோடு கடைக்கு வந்தார். யூரியூப்பில் ஒருவர், இந்த 'லிமிட்டட் எடிசன்' போத்தல் இரண்டு வருடத்தில் இரட்டிப்பு விலைக்குப் போகும், வங்கியை விட இது நல்ல சேமிப்பு என்று சொன்னாராம். 1926ஆம் ஆண்டு மக்கலன் என்ற விஸ்கிப் போத்தல் ஒன்று 2019இல் லண்டன் ஏலத்தில் 14 இலட்சம் பவுணுக்கு மேல் விற்றதை அந்த வீடியோவில் காட்டியிருந்தார்களாம். விற்றது உண்மை. 60 வருடம் கிடந்த ஒரே பீப்பாயிலிருந்து 40 போத்தல்தான் எடுத்தார்கள். இவர் கேட்ட போத்தலோ ஆயிரக்கணக்கில் நிரப்பி அனுப்பியது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. 190 பவுண் படி மூன்று எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் அதில் இலாபம் வந்தது, மறைக்கவில்லை. அதன் பிறகு ஏலச் சந்தை விழுந்துவிட்டது. ஒன்றை விற்றார், 120 பவுண். அதிலும் ஏலக்காரர் கமிசன் எடுத்தார். மற்ற இரண்டும் அவர் வீட்டில் அலுமாரிக்கு மேல், பிள்ளையின் பழைய வயலின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. என்னைக் காணும்போதெல்லாம், "அண்ணை, இப்ப என்ன விலை போகுது?" என்று கேட்கிறார். நான் பேச்சை மாற்றுகிறேன்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். பிரித்தானியாவில் காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் போட்டால் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மது விளம்பரமென்றால் இன்னொரு விதியும் இருக்கிறது. அதில் குடிப்பவராகவோ முக்கியமானவராகவோ வருகிற ஆளுக்கு 25 வயதுக்குக் குறையக்கூடாது, குறைந்தவர் போலத் தோன்றவும் கூடாது. என் கடையிலும் 25க்குக் குறைந்தவர் போலத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்காமல் ஒரு பியர் ரின்கூடக் கொடுப்பதில்லை. உங்கள் பொடியனுக்கு 23. அவர் செய்வது விளம்பரமென்றால் அவர் அதில் நிற்கவே முடியாது. விளம்பரம் இல்லையென்றால், கட்டுரையில் 'கொம்பனிகள் வாராவாரம் வீட்டுக்குப் போத்தல் அனுப்புகின்றன' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதை என்னவென்று சொல்வது? உங்கள் நிருபர் அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போதாவது கேட்டு, படத்தில் இருந்த போத்தல் யாருடைய காசில் வந்தது என்று அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்கள். இன்னொரு தடவை படம் எடுத்தால் லேபலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

என் கடையின் பெயரை இந்தக் கடிதத்தின் கீழே போட வேண்டாம். அதுவும் விளம்பரமாகிவிடும்.

இப்படிக்கு,
கடைக்காரன் ஒருவன்,
ஹரோ, லண்டன்.